பத்து மீட்டர் தூரம், எத்தனை ரூபாய் தூரம்?

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவர் எழுதியது



இந்த மலருக்குக் கவிதைகள் தேவைக்கு மேல் வந்துவிட்டன, "நீ ஏதாவது உருப்படியா டெக்னிக்கலா எழுதுடா" என்று சங்கச் செயலாளர் அண்ணன் சொல்லிவிட்டார். லேத், ஷேப்பர், தெர்மல் என்று ஆரம்பித்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். இதிலும் வெர்னியர் காலிப்பர் வரும், அதிலிருந்து மட்டும் தப்பிக்க முடியாது.

நம் திருவண்ணாமலையில் துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வருவது இரண்டுதான். ஒன்று, ஜவ்வாதுமலைப் பக்கம் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டதாகப் பேப்பரில் வரும் செய்தி. இன்னொன்று, தீபத் திருவிழாக் கடைத்தெருவில் பலூன் சுடும் கடை. பின்னால் ஒரு பலகையில் வரிசையாகப் பலூன், முன்னால் ஒரு மேசை, மேசைமேல் குழல் தேய்ந்துபோன ஏர் கன். காசு கொடுத்தால் எண்ணிக் குண்டு தருவார்கள். நம்மில் பெரும்பாலோர் வாழ்க்கையில் தொட்ட ஒரே துப்பாக்கி அதுவாகத்தான் இருக்கும்.

அதே ஏர் கன் குடும்பத்தைச் சேர்ந்த ஏர் ரைபிளால்தான் 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 2012இல் லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் பிறந்தது சென்னையில். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட இளவேனில் வாலறிவன் பிறந்தது, இதோ பக்கத்தில் இருக்கும் கடலூரில். ஆனால் ககன் வளர்ந்து பழகியது ஹைதராபாத்தில், இளவேனில் பழகியது அகமதாபாத்தில்!

பலூன் கடையிலிருந்து அந்த இடத்துக்குப் போகும் வழியில் நம்மைத் தடுப்பது என்ன? குறி தவறும் கையா, தூரமா, பணமா? கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

புள்ளியின் அளவு

ஏர் ரைபிள் போட்டி நடப்பது 10 மீட்டர் தூரத்தில். நம் டிராயிங் ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு அட்டை 80 மில்லிமீட்டர் சதுரம். அதில் பெரிய வட்டத்தின் விட்டம் 45.5 மி.மீ. அதற்குள் வட்டத்துக்குள் வட்டமாகச் சுருங்கி, 9 மதிப்பெண் வட்டம் 5.5 மி.மீ. ஆகிறது. நடுவில் இருக்கும் 10 மதிப்பெண், வட்டம்கூட இல்லை. வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. நாம் டிராயிங் ஷீட்டில் பென்சில் முனையை ஊன்றி எடுத்தால் விழுமே, அந்த அளவு.

பெல்லட் எனப்படும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மி.மீ. குண்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10 கிடைக்கும். ஆகவே குண்டின் மையம் புள்ளியின் மையத்திலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். இந்த 2.5ஐயும் பத்தாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் ஒரு தசம மதிப்பெண் குறையும். விலகல் கால் மில்லிமீட்டருக்குள் இருந்தால் 10.9. அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது. 60 குண்டும் 10.9 என்றால் மொத்தம் 654.

இளவேனில் 2024இல் பாரிஸில் எடுத்தது 630.7. அறுபதால் வகுத்தால் ஒரு குண்டுக்கு 10.51 வருகிறது. அதாவது ஒன்றேகால் மணி நேரத்தில் 60 முறை சுட்டு, சராசரியாக ஏறக்குறைய 1.2 மி.மீ.தான் விலகியிருக்கிறார். அதற்குக் கிடைத்தது 10ஆவது இடம். இறுதிச் சுற்றுக்கு 8 பேர்தான். நம் பட்டறையில் 1.2 மி.மீ. விலகினால் சார் ஜாபைத் தூக்கி ஸ்கிராப்பில் போடுவார். ஆனால் நாம் வேலைத்துண்டை வைஸில் இறுக்கி வைத்திருக்கிறோம். அவர்கள் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு விட்டுக்கொண்டு, இதயம் துடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இப்போது பலூன் கடை. பலூன் விட்டம் 150 மி.மீ., தூரம் 3 மீட்டர் என்று வையுங்கள். மையத்திலிருந்து 75 மி.மீ. வரை விலகினாலும் பலூன் வெடிக்கும். ஒலிம்பிக் கணக்கின் 2.5 மி.மீ.யை 10 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்குக் கொண்டுவந்தால் 0.75 மி.மீ. ஆகும். எழுபத்தைந்தை முக்காலால் வகுத்தால் நூறு. பலூன் கடையில் கைதட்டு வாங்கியவன் இன்னும் நூறு மடங்கு துல்லியமாகச் சுட்டால்தான் ஒரு 10 வாங்க முடியும். தோளிலிருந்து குழல் முனை ஒரு மீட்டர் என்றால், முனை கால் மில்லிமீட்டர் ஆடினாலே 10 போய்விடும். ஃபீலர் கேஜை எடுத்து 0.25 தகட்டை விரலில் தடவிப் பாருங்கள், புரியும்.

இந்தத் துல்லியத்துக்குத் துப்பாக்கியும் ஒத்துழைக்க வேண்டும். கடையில் இருப்பது ஸ்பிரிங் வகை. குழலை மடக்கும்போது கனமான ஸ்பிரிங் அமுங்குகிறது. விசையை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்தி, குண்டைத் தள்ளுகிறது. குண்டு குழலை விட்டு வெளியே வருவதற்குள் பிஸ்டன் மோதி முழுத் துப்பாக்கியும் உதறுகிறது. போட்டித் துப்பாக்கியில் பிஸ்டனே இல்லை. 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்த சின்ன சிலிண்டர் குழலுக்குக் கீழே இருக்கும். ஒரு வால்வு திறந்து மூடும், அவ்வளவுதான், உதறல் இல்லை. குண்டு சுமார் 0.53 கிராம், வேகம் நொடிக்கு 175 மீட்டர் என்று வைத்தால், 10 மீட்டரைக் கடக்க 0.057 நொடி. அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பு அதை 16 மி.மீ. கீழே இழுத்துவிடும். அரை மில்லிமீட்டர் புள்ளிக்கு 16 மி.மீ. சரிவு! குறிக்கண்ணாடியின் திருகைத் திருப்பி அதைச் சரிசெய்கிறார்கள்.

ஆற்றலையும் போட்டுப் பார்த்தேன். அரை எம்.வி. ஸ்கொயர், சுமார் 8 ஜூல். ஒரு கிலோ எடையை 80 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து காலில் போட்டுக்கொண்டால் வரும் ஆற்றல். "இவ்வளவுதானா" என்று நினைக்க வேண்டாம். அது முழுவதும் 4.5 மி.மீ. வட்டத்தில் இறங்குகிறது. கண்ணில் பட்டால் கண் போச்சு.

சட்டம் என்ன சொல்கிறது?

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இந்தக் கட்டுரைக்காக நோட்டும் கையுமாக அலைவதைப் பார்த்த அம்மா, "துப்பாக்கியெல்லாம் நமக்கு எதுக்குப்பா? போலீசு கேசுன்னு ஆயிடப் போவுது" என்றார். நியாயமான கேள்விதான், பல வீட்டில் இதையேதான் கேட்பார்கள்.

நம் நாட்டில் துப்பாக்கிகளுக்கான சட்டம் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன் கீழ் 2016இல் புதிய விதிகள் வந்தன. அவற்றின்படி குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைபிள், ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. நாம் மேலே போட்ட கணக்கில் 8 ஜூல்தான் வந்தது. வெடிமருந்தால் சுடும் துப்பாக்கி, அது சின்ன .22 ரைபிளே ஆனாலும், உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். உரிமத்துக்குப் பொதுவாக 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஆக நம் வயதுக்காரர்கள் சொந்தமாக வைத்துப் பழக வழி இருப்பது காற்றுத் துப்பாக்கியில்தான். உரிமம் வேண்டாம் என்பதால் தெருவில் தூக்கிக்கொண்டு போய்க் காக்கா, குருவி சுடலாம் என்று அர்த்தமில்லை. அதற்கு வனத்துறைச் சட்டம் தனியாக இருக்கிறது.

சுடுதளங்கள் எங்கே இருக்கின்றன?

தமிழ்நாட்டில் பேர் சொல்லக்கூடிய ரைபிள் கிளப்புகளைப் பாருங்கள். சென்னை ரைபிள் கிளப் எழும்பூரில் பழைய போலீஸ் கமிஷனர் அலுவலக வளாகத்தில். திருச்சி ரைபிள் கிளப் கே.கே. நகர் ஆயுதப்படை வளாகத்தில். கோயம்புத்தூரிலும் போலீஸ் பயிற்சிப் பள்ளி மைதானம். ஏன் எல்லாமே போலீஸ் இடத்தில் இருக்கின்றன? .22 ரைபிள், பிஸ்டல் எல்லாம் பூட்டி வைக்க ஆயுதக் கிடங்கு வேண்டும். காவலுக்கு ஆள் வேண்டும். 25 மீட்டர், 50 மீட்டர் நீளத்துக்கு ஆள் நடமாட்டம் இல்லாத இடமும், பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேடோ சுவரோ வேண்டும். ஒரு நகரத்துக்குள் இது எல்லாம் சேர்ந்து இருப்பது அங்கேதான்.

அந்தப் பின்சுவர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு துயரமான உதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த துப்பாக்கிச் சுடுதளத்திலிருந்து பறந்த குண்டு, தளத்துக்கு வெளியே வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அந்தப் பையன் இறந்துபோனான். அந்தத் தளமும் மூடப்பட்டது. ஒரு சின்ன .22 குண்டே தடுப்பு இல்லாவிட்டால் ஒன்றரை மைல் வரை போகக்கூடியது. ராணுவ வகைத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். நம் கல்லூரிக்குள் வெடிமருந்துத் துப்பாக்கிக்கு ரேஞ்ச் வேண்டும் என்று யாராவது கேட்டால் நானே முதல் ஆளாக வேண்டாம் என்பேன்.

காற்றுத் துப்பாக்கி அப்படியல்ல. அதற்கு நாலு சுவரும் ஒரு கூரையும் போதும். சென்னை வேளச்சேரியில் குரு நானக் கல்லூரி வளாகத்திலேயே சுடுதளம் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் துப்பாக்கி சுடும் போட்டி அங்கேதான் நடந்தது. கல்லூரிக்குள் முடியாது என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நடிகர் அஜித்குமார் 2021இல் சென்னையில் நடந்த மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வென்றதும், 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த 47ஆவது மாநிலப் போட்டிக்கு வந்ததும் உங்களுக்குத் தெரியும். திருச்சியில் அவரைப் பார்க்க வந்த கூட்டத்தில் நம்ம ஊர்ப் பையன்களும் இருந்தார்கள். தலையைப் பார்க்கப் போனவர்களில் எத்தனை பேர் இலக்கு அட்டையைப் பார்த்தார்களோ!

கிளப்பில் சேர என்ன செலவு?

பெரிய நகரம் ஒன்றில் ஒரு கிளப்புக்குப் போய் விசாரித்தேன். பெயர் வேண்டாம். வரவேற்பில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ஆயுள் உறுப்பினர் கட்டணம் என்று அவர் சொன்ன தொகை, நான் மூன்று வருட டிப்ளமோவுக்குக் கட்டும் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. என் அப்பா கொத்தனார். அவர் எத்தனை நாள் சாரத்தில் நின்றால் அந்தத் தொகை வரும் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது கணக்குப் போட்டேன், செங்கம் ரோடு வருவதற்குள் விட்டுவிட்டேன்.

இருந்தாலும் அந்தப் பயணத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். "சேர எவ்வளவு?" என்று ஒரே கேள்வியாகக் கேட்கக் கூடாது. கிளப் செலவு பல துண்டுகளாக இருக்கிறது. ஒருமுறை கட்டும் சேர்க்கைக் கட்டணம் ஒன்று, ஆண்டுச் சந்தா ஒன்று. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ரேஞ்சில் நிற்பதற்கான கட்டணம், கிளப் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்தால் அது, குண்டு, அட்டை, பயிற்சியாளர் சம்பளம். சில இடங்களில் மாணவர் சந்தா, குறுகிய காலப் பயிற்சி என்று தனியாக இருக்கும். நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். கிளப் துப்பாக்கியை எத்தனை பேர் பகிர்கிறார்கள், வாரத்தில் நமக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்றும் கேட்டுவிட வேண்டும். சந்தா குறைவாக இருந்து, துப்பாக்கி கைக்கு வருவதற்குள் லாஸ்ட் பஸ் போய்விடுமானால் அது மலிவு இல்லை.

உறுப்பினர் ஆவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மாநிலப் போட்டியில் இறங்க அங்கீகாரம் பெற்ற ஒரு கிளப் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு மேல் ஜி.வி. மாவ்லங்கர் பெயரில் நடக்கும் போட்டி, பிறகு தேசியப் போட்டி என்று குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்து ஏற வேண்டும். மக்களவையின் முதல் சபாநாயகரான மாவ்லங்கர்தான் 1951இல் தொடங்கிய இந்திய தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் தலைவர். ஆக, சந்தா வெறும் வாடகை மட்டும் இல்லை, நுழைவாயில் டிக்கெட்டும் அதுவே.

குண்டுச் செலவைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு 60 குண்டு, அதற்கு முன் சரிபார்க்க 15 என்றால் 75. வாரம் 5 நாள், மாதம் 4 வாரம், 1,500 குண்டு. ஒரு டின்னில் 500 இருக்கும். மூன்று டின். போட்டித் தரமான இறக்குமதிக் குண்டு டின்னுக்கு 1,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்தாலும் மாதம் 3,000. பழகுவதற்கு உள்நாட்டுக் குண்டு போதும், விலை குறையும். ஜாக்கெட், கால்சட்டை, பூட்ஸ், கையுறை எல்லாம் தனி. உடலை இறுக்கிப் பிடிக்கும் அந்த விறைப்பான உடைகளை ஆரம்பத்திலேயே வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

பெரிய செலவு துப்பாக்கிதான். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர் என்று ஜெர்மனி, ஆஸ்திரியாவிலிருந்து வரும் போட்டி ரைபிள்கள் லட்சக்கணக்கில். ககன் நாரங்குக்கு ரைபிள் வாங்க அவர் வீட்டில் நிலத்தை விற்ற கதை செய்திகளில் வந்திருக்கிறது. விற்க நிலம் இருந்ததால் விற்றார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்வது?

வகுத்துப் பார்ப்போம்

ஒரு போட்டி ரைபிள் இரண்டரை லட்சம் என்று கணக்குக்காக வையுங்கள். அதன் காற்று சிலிண்டருக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள் என்பதால், பழைய ரைபிள் வாங்குகிறவர்கள் முதலில் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்க வேண்டும். குழலோ நன்றாகப் பராமரித்தால் லட்சக்கணக்கான குண்டு தாங்கும். ரைபிளுக்கே பத்து ஆண்டு என்று குறைத்து வைத்தாலும் 120 மாதம். மாதத்துக்கு 2,083 ரூபாய். இருபது பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு 104 ரூபாய்! கேன்டீனில் பத்து டீ விலை.

இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. தினம் மாலை 3 மணி நேரம், வாரம் 6 நாள் என்றால் 18 மணி நேரம். இருபது பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு வாரத்தில் 54 நிமிடம். ஒரு முழுப் போட்டி சுடக்கூடப் போதாது. இரண்டு ரைபிள் வாங்கினால் மாதம் 208 ரூபாய், வாரம் 1 மணி 48 நிமிடம். பழகுவதற்கு உள்நாட்டுத் தயாரிப்பில் பத்து, இருபதாயிரம் ரூபாய் அளவிலேயே ஏர் ரைபிள்கள் இருக்கின்றன. அப்படி நாலு வாங்கி ஆரம்பித்தால் நேரமும் கிடைக்கும், கையும் பழகும். நல்லாச் சுடுகிறவர் யார் என்று தெரிந்த பிறகு பெரிய ரைபிளைப் பற்றி யோசிக்கலாம். மீதி நேரத்துக்குக் குண்டே இல்லாத பயிற்சி இருக்கிறது. காலித் துப்பாக்கியை அட்டைக்கு நேராகப் பிடித்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, குறி ஆடாமல் விசையை மட்டும் இழுப்பது. பெரிய வீரர்களும் தினமும் செய்கிறார்கள். செலவு பூஜ்யம்.

இது ஏட்டுக் கணக்கு என்று நினைக்கிறவர்களுக்கு உத்தரப் பிரதேசத்தின் பாக்பத் மாவட்டத்தைக் காட்டுகிறேன். அங்கே ஜோஹ்ரி என்ற கிராமத்தில் எளிய இடத்தில் ஒரு ரைபிள் கிளப் தொடங்கினார்கள். 1999இல் பேத்தியைப் பழகவிடக் கூட்டிக்கொண்டு போன சந்திரோ தோமர் என்ற பாட்டி, தானே பிஸ்டலைக் கையில் எடுத்தார். வயது அறுபதுக்கு மேல்! பிறகு மூத்தோர் போட்டிகளில் பதக்கமாக வாங்கிக் குவித்தார். 2019இல் இந்தியில் சினிமாவே வந்தது. 2021 ஏப்ரலில் கொரோனாவில் காலமானார். அதே மாவட்டத்தில் பினௌலி கிராமத்துப் பயிற்சிக்கூடத்தில் பழகியவர்தான் சௌரப் சௌத்ரி. விவசாயி மகன். 2018 ஆசிய விளையாட்டில் ஏர் பிஸ்டலில் தங்கம் வாங்கியபோது வயது 16. நம்மைவிட இரண்டு வயது சின்னவர். இங்கேயும் ஒரு கூரை, ஒரு சுவர், பகிர்ந்துகொண்ட துப்பாக்கி, கூடவே ஒரு பயிற்சியாளர். கடைசியில் சொன்னதுதான் கிடைப்பதற்கு அரிது. நம் என்.சி.சி. நண்பர்கள் முகாமில் .22 ரைபிள் சுடுகிறார்கள், குண்டுக்குக் காசு கிடையாது. அவர்களுக்குக் கற்றுத்தரும் ஹவில்தார்களையும், மாவட்ட ஆயுதப்படையில் நன்றாகச் சுடும் காவலர்களையும் வாரம் ஒருநாள் வரச் சொல்லி முறைப்படி எழுதிக் கேட்டால் என்ன?

மாதாமாதம் சென்னை போய் வருவது இதற்கு மாற்று ஆகாது. 2024 மே மாதத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்கு நேரடி ரயில் ஓடுகிறது, தொடங்கியபோது டிக்கெட் 50 ரூபாய். காசு பரவாயில்லை, ஆனால் ஒரு மணி நேரம் சுட ஒரு நாள் முழுவதும் போய்விடும். அட்டெண்டன்ஸ் யார் தருவார்?

நம் பழைய ஷெட்

கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் பழைய ஸ்மித்தி ஷெட்டை டேப் வைத்து அளந்தேன். உள்நீளம் 14.2 மீட்டர், அகலம் 5.6 மீட்டர். சுடும் கோட்டிலிருந்து இலக்குக்கு 10 மீட்டர், இதில் 5 செ.மீ. வரை கூடக் குறைய இருக்கலாம். இலக்குக்குப் பின்னால் குண்டுத் தடுப்புக்கு 0.6, சுடுகிறவர்களுக்குப் பின்னால் 2.5. மொத்தம் 13.1. ஒரு மீட்டருக்கு மேல் மிச்சம். ஒரு ஆள் நிற்கக் குறைந்தது 1 மீட்டர் அகலம் வேண்டும். 1.2 மீட்டராக நாலு பேருக்குப் பிரித்தால் ஓரத்தில் நடக்க 80 செ.மீ. பாக்கி.

இலக்கின் மையம் சுடும் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஷெட் தரை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, ஆகவே தரையிலிருந்து அளந்தால் தப்பாகும். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து நாலு கோடு போட்டுக் கொடுத்தார். நாம் சர்வேயிங்கில் டம்பி லெவலோடு மல்லுக்கட்டுவதை அவர் அரை மணியில் முடித்துவிட்டார்.

குண்டுத் தடுப்பு நம் வெல்டிங் ஷாப் வேலை. 3 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகட்டை 45 டிகிரியில் முன்பக்கம் சாய்த்து, கீழே பெட்டி வைத்தால், குண்டு மோதித் தட்டையாகிப் பெட்டியில் விழும். நேர்க்குத்தாக வைக்கக் கூடாது, குண்டு திரும்பி நம்மிடமே வரும். பெட்டியில் சேரும் ஈயத்தைக் கிலோ கணக்கில் விற்றுவிடலாம். ஈயம் விஷம் என்பதால் ரேஞ்சுக்குள் திங்கவோ டீ குடிக்கவோ கூடாது, வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இலக்கின் மேல் வெளிச்சம் குறைந்தது 1,500 லக்ஸ் வேண்டும் என்கிறது சர்வதேச விதி. எலெக்ட்ரிக்கல் பிரிவு லேபில் லக்ஸ் மீட்டர் இருக்கிறது, எல்.இ.டி. விளக்கு மாட்டி அளந்துகொள்ளலாம். மின்னணு இலக்கு நமக்கு எட்டாது, காகித அட்டையும் கயிறும் உருளையும் போதும். அட்டையை எடுக்க யாரும் முன்னால் நடந்துபோக வேண்டியதில்லை, அதுவே பாதுகாப்பு.

துப்பாக்கிகள் இரவில் இரும்பு அலமாரியில், சாவி உடற்கல்வி ஆசிரியரிடம். குண்டு வேறு அலமாரியில். சுடாத நேரத்தில் குழலுக்குள் கலர் நாடா செருகியிருக்க வேண்டும், காலியாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். "ஸ்டாப்" என்றால் எந்தக் குண்டும் போகக் கூடாது. விளையாட்டுக்குக்கூட ஆளை நோக்கிக் குழலைத் திருப்புகிறவனுக்கு அன்றோடு உறுப்பினர் பதவி போச்சு. இதில் மன்னிப்பு இருக்கக் கூடாது. பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

ஒரே ஒரு குறை, ஷெட்டின் பக்கச் சுவரில் நடுவாக ஒரு கதவு இருக்கிறது. சுடும்போது யாராவது திறந்து உள்ளே வந்தால் நேராகக் குண்டின் பாதையில்தான் நிற்பார்கள். பூட்டினால் போதும் என்று நண்பர்கள் சொன்னார்கள். பூட்டை ஒருநாள் மறப்போம். அடைத்துவிடுவதுதான் சரி. அப்பாவிடம் கேட்டேன். ஒரு நாள் வேலை, கூலி வேண்டாம், செங்கல்லும் சிமெண்டும் மட்டும் வாங்கிக் கொடுக்கச் சொல் என்றார்.

முதல்வர் அவர்களுக்கான விண்ணப்பம் சங்க அறையில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அச்சுக்குப் போகும்வரை 31 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் 9 பேர் மாணவிகள். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘இ’ என்று குறித்துவிடுங்கள். அவர்களுக்கு ரைபிள் கட்டை வேறு மாதிரி வேண்டும், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே தெரிந்தால் நல்லது.